அம்மா சாப்பிடும் சத்தம்

வணக்கம் ஐயா,

குத்தாலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 41. அப்பா போய் மூன்று வருடமாகிறது. வீட்டில் நானும் அம்மாவும்தான்.

அம்மா சாப்பிடும் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. இதை எழுதவே கூசுகிறது. ரசத்தை உறிஞ்சும் சத்தம், மோர் சாதத்தைத் தட்டில் வழிக்கும் சத்தம், போதாததற்குப் பல்செட் கட்டியதிலிருந்து மெல்லும்போதெல்லாம் 'டிக் டிக்' என்று ஒன்று. கேட்ட நொடியில் உடம்பு கொதிக்கிறது. எழுந்து தட்டைப் பிடுங்கிவிடலாமா என்று தோன்றுகிறது. பத்துப் பதினொரு வயதிலிருந்தே இது எனக்கு உண்டு. அப்போது அண்ணன் அப்பளம் கடிப்பது ஆகாது. ஆனால் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினாலும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை.

ஆடி மாதம் தெருக்கோயிலில் ஒலிபெருக்கி கட்டினார்கள். அதற்காகக் காதடைப்பான் வாங்கினேன். பிறகு வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அதை மாட்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டேன். இப்போது கழற்றினால் மிக்ஸி, குக்கர் விசில், பாத்திரம் கழுவுவது எல்லாமே மண்டையில் இடிக்கிறது. இரண்டு மாதமாகச் சாப்பாட்டை அறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறேன். போன வாரம் அம்மா போனில் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "அவளுக்கு என்னைப் பார்த்தால் அருவருப்பாக இருக்கிறது."

நான் கெட்டவளா, இல்லை எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

வி.

*

அன்புள்ள வி.,

இரண்டும் இல்லை. நீங்கள் சொல்வதற்கு ஒரு பெயர் இருக்கிறது, மிசோஃபோனியா. 2001-ல் மார்கரெட் ஜாஸ்ட்ரெபாஃப், பவெல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற இருவர் வைத்தது. கிரேக்க மொழியில் 'ஒலி வெறுப்பு' என்று பொருள். நல்ல பெயர் என்று சொல்லமாட்டேன். வெறுப்பு என்ற சொல் வந்ததுமே யார் மேல் வெறுப்பு என்ற கேள்வியும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் வீட்டில் நடந்திருப்பதும் அதுதான்.

எனக்கும் இது உண்டு. என் பால்யம் கும்பகோணத்தில் பாத்திரப் பட்டறைகள் இருந்த ஒரு தெருவில் கழிந்தது. காலையில் பித்தளைத் தகட்டைத் தட்ட ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை ஓயாது. அந்தச் சத்தத்துக்கு நடுவே வாய்ப்பாடு மனப்பாடம் செய்திருக்கிறேன், தூங்கியிருக்கிறேன். கல்யாண வீடுகளில் தவிலுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து, கூடு மாட்டிய விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் பெரியப்பா கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து பாக்குவெட்டியைக் கையில் எடுத்தால் எனக்குப் பிடரி சிலிர்க்கும். 'டக்'கென்று கொட்டைப்பாக்கு பிளக்கும். அதுகூடப் பரவாயில்லை. பிறகு வெற்றிலையோடு சேர்த்து மெல்லுவார், அரை மணி நேரம். கொல்லைக்கு ஓடுவேன். அங்கேயும் கேட்கும். கேட்க வழியே இல்லாத தூரத்துக்குப் போனாலும் கேட்கும். பன்னிரண்டு வயதில் ஒருநாள் அவருடைய வெற்றிலைச் செல்லத்தைத் தூக்கிக் கிணற்றில் போட்டேன். எங்கள் தெருவிலேயே செய்த பித்தளைச் செல்லம். வாங்கிய அடி நினைவிருக்கிறது. ஏன் போட்டாய் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். சொல்வதற்கு என்னிடம் வார்த்தை இல்லை.

அவர் போன பிறகு அந்தச் சத்தத்துக்காக ஏங்கினேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். பொய். இன்றும் யாராவது பாக்கு வெட்டினால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுகிறேன். பெரியப்பாவை நினைக்காத வாரம் கிடையாது, அதுவும் உண்மை. இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை என்று எனக்குப் புரிய ஐம்பது வயதாகிவிட்டது. உங்களுக்கு 41-லேயே புரியட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாற்பது பிள்ளைகளின் கூச்சல் தொந்தரவு செய்யாமல், ஒரு வாய் சோறு தொந்தரவு செய்வதால்தான் உங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்ற பயம் வந்திருக்கிறது. இந்தக் கோளாறின் அடையாளமே அதுதான். சத்தம் பெரிதா சிறிதா என்பது இங்கே கணக்கில் இல்லை. 2017-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சுக்பிந்தர் குமாரும் அவருடைய குழுவினரும் இந்தத் தொந்தரவு உள்ளவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, மெல்லும் சத்தம், மூச்சு விடும் சத்தம் போன்றவற்றைக் கேட்கச் செய்தார்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதில் பங்குள்ள இன்சுலா என்ற மூளைப் பகுதியின் முன்புறம் மற்றவர்களைவிட மிக அதிகமாகக் கிளர்ந்தது. இதயத் துடிப்பு ஏறியது, தோலில் வியர்வை கூடியது. குழந்தை அழுவதையும் ஆள் அலறுவதையும் போட்டபோதோ அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே, 'உடம்பு கொதிக்கிறது' என்று நீங்கள் எழுதியது வெறும் பேச்சுக்காக எழுதியதில்லை.

2021-ல் அதே ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள். இத்தகையவர்களின் மூளையில் கேட்கும் பகுதிக்கும், முகம், வாய், தொண்டை ஆகியவற்றை அசைக்கும் பகுதிக்கும் இடையே தொடர்பு அழுத்தமாக இருக்கிறது. எதிரே இருப்பவர் மெல்லும்போது, நம் வாய்க்கான பகுதி நம்மைக் கேட்காமலேயே விழித்துக்கொள்கிறது என்று கருதுகிறார்கள். அடுத்தவர் வாய் நம் வாய்க்குள் புகுந்துகொண்டதுபோல. இதைப் படித்தபோதுதான் பெரியப்பா மெல்லும்போதெல்லாம் நான் பல்லை இறுகக் கடித்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அந்தச் சத்தத்தைத் தாங்களும் செய்தால் தணிகிறது என்று சிலர் சொல்வதுண்டு. எனக்குப் பலிக்கிறது. மயிலாடுதுறை ரயிலில் எதிரே ஒருவர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தால் நானும் ஒன்று வாங்கிக்கொள்வேன். மருத்துவர் என்ன சொன்னாலும் சரி, என் முறுக்குச் செலவு இதில் சேர்ந்ததுதான்.

காதடைப்பான் விஷயத்தில் உங்களைக் கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. மிக்ஸியும் குக்கரும் மண்டையில் இடிப்பது வேறு தொந்தரவு, ஹைபராகூசிஸ் என்பார்கள். சாதாரணச் சத்தமே பெரிதாக விழுவது. இதில் ஒரு பங்கை நீங்களே வரவழைத்துக்கொண்டிருக்கலாம். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், காதில் குறையில்லாதவர்களை இரண்டு வாரம் காதடைப்பானோடு இருக்கவைத்தார்கள். கழற்றியபோது அவர்களுக்குச் சத்தங்கள் முன்பைவிடப் பெரிதாகக் கேட்டன. இரண்டு வாரம் மெல்லிய இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நேர்மாறாக நடந்தது. உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லையே என்று மடையை அகலத் திறந்துவைத்துவிட்டு வந்தால், தண்ணீர் வந்த அன்று வயல் என்ன ஆகும்? காதும் வரத்து குறைந்தால் மடையை அகலமாக்கிக்கொள்கிறது. ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம். நாளுக்கு அரை மணி, ஒரு மணி என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். கழற்றும் நேரத்தில் மின்விசிறி ஓடட்டும், வானொலி தாழ்வாகப் பாடட்டும். நிசப்தம் உங்களுக்கு எதிரி. நிசப்தத்தில்தான் அந்த 'டிக்' தனியாக எழுந்து நிற்கும்.

ஆடி மாத ஒலிபெருக்கிக்கு மட்டும் தாராளமாக மாட்டிக்கொள்ளுங்கள். அது உங்கள் காதின் கோளாறு இல்லை, ஊரின் கோளாறு. ஒலி மாசு விதிகள் 2000-லேயே வந்துவிட்டன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக அரசு நள்ளிரவுவரை தளர்த்தலாம், அதுவும் வருடத்துக்குப் பதினைந்து நாளுக்கு மேல் கிடையாது. நம் ஊர்களில் இதைச் சொன்னால் சாமிக்கு விரோதி ஆகிவிடுவோம் என்பதும் தெரிந்ததுதான். இரண்டு தொந்தரவுகளையும் ஒரே மூட்டையில் கட்டிவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். ஒலிபெருக்கியின் மேல் உள்ள கோபத்துக்கு நியாயம் உண்டு. அம்மா உறிஞ்சுவதில் நியாய அநியாயம் எதுவும் இல்லை. 'மெதுவாகச் சாப்பிடக்கூடாதா' என்று கேட்டீர்களானால் எழுபது வருடப் பழக்கத்தைக் குற்றமாக்கியதாகிவிடும்.

அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததால்தான் சாத்திய கதவுக்கு அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். கிடைத்தது அருவருப்பு. சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். சாயங்காலம் பூக்கட்டும்போதோ கீரை ஆயும்போதோ பேச்சோடு பேச்சாக அண்ணனின் அப்பளத்தை எடுங்கள். பெற்ற தாய்க்கு அது மறந்திருக்காது. நீங்கள் பந்தியைவிட்டு எழுந்து ஓடியதும், திட்டு வாங்கியதும் எல்லாம் ஞாபகம் இருக்கும். "அம்மா, அப்போது எனக்கு என்ன என்று தெரியவில்லை. அது சில சத்தங்கள் மட்டும் ஆகாத ஒரு கோளாறாம். இப்போது உன் பல்செட் சத்தத்துக்கும் அதேதான் வருகிறது. உன்மேல் ஒன்றும் இல்லை." இவ்வளவு போதும். மூளை, இன்சுலா எல்லாம் வேண்டாம்.

அதன் பிறகு தனியாகச் சாப்பிட்டாலும் அது குற்றமாகத் தெரியாது. ஒரு வேளை சேர்ந்து, ஒரு வேளை தனியாக என்று வைத்துக்கொள்ளுங்கள், கதவை மட்டும் திறந்து வையுங்கள். சேர்ந்து சாப்பிடும் வேளைக்கு இடத்தை மாற்றிப் பாருங்கள். உங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கூடம் பெரும்பாலும் வெறும் தரையும் வெறும் சுவருமாக இருக்கும். சின்னச் சத்தமும் மோதித் திரும்பும். தாழ்வாரத்தில் முற்றத்தை ஒட்டி உட்கார்ந்தால் பாதி வானத்துக்குப் போய்விடும். எவர்சில்வர் தட்டுக்குப் பதில் வாழையிலை போடுங்கள், வழிக்கும் சத்தமாவது ஒழியும். எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். வாய் அசைவதைப் பார்ப்பதே சிலருக்கு முன்கூட்டியே கிளப்பிவிடும்.

சிகிச்சை இல்லாமல் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஆய்வு ஒன்றில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பலருக்கு உதவியதாக 2021-ல் எழுதினார்கள். சத்தத்தை நிறுத்தும் சிகிச்சை இல்லை அது, சத்தத்துக்கும் கொதிப்புக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளியை உண்டாக்கும் பயிற்சி. இந்தக் கோளாறுக்கு ஒரு பொது வரையறையை நிபுணர் குழு ஒன்று வெளியிட்டதே 2022-ல்தான். அதனால் நீங்கள் பார்க்கும் மருத்துவர் பெயரைக் கேட்டு விழித்தால் மனம் விட்டுவிட வேண்டாம். முதலில் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பக்கத்திலோ காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் செவித்திறனைப் பார்த்துவிடுங்கள். காதில் இரைச்சலோ தலைசுற்றலோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசின் டெலிமானஸ் எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யுங்கள், அம்மாவைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பல்செட் கட்டி எவ்வளவு நாளாகிறது என்று நீங்கள் எழுதவில்லை. பல் போன ஈறும் அதற்கடியில் இருக்கும் எலும்பும் நாளாக ஆகத் தேய்ந்துகொண்டே போகும். செட் மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். தளர்ந்த செட் மெல்லும்போது தூக்கி அடிப்பதால்கூட அந்த 'டிக்' வரலாம். உள்பக்கம் புதிதாகப் பூசி இறுக்கித் தருவார்கள், இல்லாவிட்டால் புதிதாகக் கட்டுவார்கள். தளர்ந்த செட் ஈறைப் புண்ணாக்கவும் செய்யும். கெட்டியாக எதையும் மெல்ல முடியாமல்தான் ரசமும் மோருமாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறாரோ என்னவோ, கேட்டுப் பாருங்கள்.

போகும்போது ஒரு டப்பாவில் கொஞ்சம் சாதமும் பொரியலும் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வாயைத் திறந்து காட்டினால் சத்தம் வராது. மருத்துவர் எதிரே நாலு வாய் மென்று காட்டச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம்.