கேளுங்கள் சொல்கிறேன்: கண்ணாடி மணி வகுப்பு நடத்தப் போகிறீர்களா?

போன இதழில் டார்ச் தீயில் கண்ணாடிக் குச்சியை உருக்கி மணி செய்வது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ராமநாதபுரம் கரையோரத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. கற்றுக்கொள்ள நினைப்பவர்களை விடக் கற்றுக்கொடுக்க நினைப்பவர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள்!

சென்னையில் கற்றுக்கொண்டு வந்து வீட்டிலேயே மணி செய்கிறேன் அக்கா. பக்கத்துப் பெண்கள் சொல்லித்தரச் சொல்கிறார்கள். மாடியில் ஷெட் இருக்கிறது. பத்துப் பேரை வைத்து ஆரம்பிக்கலாமா? முதல் நாள் என்ன சொல்லித்தருவது?
- வாசகி, கீழக்கரை

பத்துப் பேர் வேண்டாம் தங்கச்சி. மூன்று பேர், மிஞ்சிப்போனால் நான்கு. ஷெட் பெரிதாகவே இருக்கட்டும், உங்களுக்கு இருப்பது இரண்டு கண்தானே. முதல்முறை தீக்கு முன்னால் உட்காருகிறவர் உருகுகிற நுனியை மட்டும்தான் பார்ப்பார், முந்தானை எங்கே போகிறது, சூடான குச்சியை எந்தப் பக்கம் வைத்தோம் என்பதெல்லாம் அவர் கவனத்தில் இருக்காது, அதை அவருக்காக நீங்கள்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் செய்து காட்டியதும் உங்கள் டார்ச்சை அணைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். கூடவே உட்கார்ந்து தானும் ஆர்டருக்கு நாலு மணி போட்டுக்கொள்ளும் டீச்சரிடம் யாரையும் அனுப்ப மாட்டேன்.

முதல் அரைமணி நேரம் தீயே வேண்டாம். இடது கையில் கம்பி (இதன்மேல்தான் பிறகு உருகிய கண்ணாடியைச் சுற்றுவோம்), வலது கையில் கண்ணாடிக் குச்சி (இடக்கைக்காரர் என்றால் மாற்றி), கம்பியை ஒரே சீராக உருட்டப் பழகட்டும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மணி கோணலாவது பெரும்பாலும் உருட்டல் நின்றுபோவதால்தான்.

அப்புறம் தீ. குளிர்ந்த குச்சியைச் சட்டென்று தீ நடுவில் நீட்டினால் நுனி படபடவென்று வெடித்துத் தெறிக்கும். தீயின் தொலைவான முனையில் காட்டிக் காட்டி மெதுவாக உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். நுனி உருகிப் பாகுபதத்தில் உருண்டையானதும், களிமண் பூச்சுப் போட்ட கம்பியையும் லேசாகச் சிவக்க விட்டு, அதன்மேல் தொட்டுச் சுற்ற வேண்டும். கம்பி சூடாகாமல் இருந்தால் கண்ணாடி அதில் ஒட்டாது. முதல் வகுப்புக்கு ஒரே நிறத்தில் உருண்டை மணி போதும். பூ, மீன் எல்லாம் பிறகு. மணியின் இரண்டு ஓரமும் துளையை நோக்கி லேசாக உள்ளே குழிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அது கூராக நின்றால் கோர்க்கிற நூலை அறுத்துவிடும்.

உடை விஷயத்தில் கூச்சப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பருத்திதான். பாலியஸ்டர் புடவையோ துப்பட்டாவோ அபாயாவோ, பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முடியைக் கட்ட வேண்டும். ஆக்சிஜன் சேர்த்து எரிக்கும் டார்ச் என்றால் தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் தொடவே கூடாது, அங்கே எண்ணெய்ப் பசை இருந்தால் தீப்பிடிக்கும். கண்ணுக்கு டிடிமியம் கண்ணாடி எல்லோருக்கும் ஒன்று வேண்டும். சூடான கண்ணாடியிலிருக்கும் சோடியம் மஞ்சளாக எரிவதை அது மறைத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க விடும். கூலிங்கிளாஸ் போட்டால் எல்லாமே இருட்டாகும், அவ்வளவுதான். சுட்டுக்கொண்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். பேஸ்ட், மை எதுவும் தடவ விடாதீர்கள்.

இன்னொன்று, கட்டணம் வாங்கி நடத்தும் வகுப்புக்கு வீட்டு உபயோக சிலிண்டர் கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்குங்கள், அதையும் ஷெட்டுக்கு வெளியே வையுங்கள்.

எங்கள் ஊரில் கச்சான் காற்று அடித்தால் தீ ஒரு பக்கமாகச் சாய்கிறது. சன்னலை எல்லாம் அடைத்துவிட்டு வகுப்பு நடத்தலாமா?
- வாசகர், பாம்பன்

கூடவே கூடாது. சமையல் கேஸ் காற்றை விடக் கனம். கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் தரையை ஒட்டி ஒரு திறப்பு கட்டாயம். காற்று வரும் பக்கம் மேசைக்கு முன்னால் தகரத் தடுப்பு வைத்துத் தீயை மட்டும் காப்பாற்றுங்கள். புகையை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் மேசைக்குப் பின்னால் இருக்கட்டும், உட்கார்ந்திருப்பவரின் முகத்தைத் தாண்டிப் புகை போகக் கூடாது. ஆனி, ஆடியில் காற்று மிஞ்சினால் அன்றைக்குக் கோர்ப்பு வேலை சொல்லிக்கொடுங்கள்.

மாணவிகள் வீட்டுக்குக் கொண்டுபோன மணி இரண்டு நாள் கழித்துத் தானாகவே விரிசல் விடுகிறது. மணலில் புதைத்துத்தான் ஆறவிட்டோம். கடல் உப்புக் காற்றுதான் காரணமா?
- வாசகி, மண்டபம்

உப்புக் காற்றைப் பழி சொல்ல வேண்டாம். மணியின் வெளிப்புறம் முந்தி இறுகி உட்புறம் பிந்தி இறுகும்போது இரண்டுக்கும் இடையே ஒரு இழுவிசை உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அது அன்றைக்கும் உடைக்கலாம், அடுத்த மாதமும் உடைக்கலாம். மணல், வெர்மிகுலைட் (சூடு தாங்கும் தாதுத் துகள்), செராமிக் பஞ்சுப் போர்வை எல்லாம் உடனே வெடிக்காமல் தடுக்கும், இழுவிசையை எடுக்காது. அதற்கு மின்சூளைதான் வேண்டும். நாம் சாதாரணமாக வாங்கும் 104 ரக மென்கண்ணாடியை (இந்த எண் என்ன என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்) 500 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே பிடித்து வைத்து, பிறகு மெதுவாக இறக்க வேண்டும். மணி எவ்வளவு தடிமனோ அவ்வளவு நேரம் கூடும்.

சூளை வாங்க வசதி வரும்வரை வகுப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். விரிசல் விடாமல் ஆறிய மணிகளைச் சேர்த்துவைத்து, சூளை வைத்திருப்பவரிடம் மொத்தமாகக் கொடுத்து, குளிர்ந்த நிலையிலிருந்து மெதுவாகச் சூடேற்றிப் பதப்படுத்தி வாங்கலாம். அதுவரை மாணவியிடம் கொடுக்காதீர்கள். காசு வாங்கி விற்கவே கூடாது. கம்பியிலிருந்து கழற்றியதும் துளைக்குள் இருக்கும் பூச்சைத் தண்ணீருக்குள் வைத்தே சுரண்டச் சொல்லுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கரையில் ஒதுங்கும் பாட்டில் கண்ணாடி, உடைந்த வளையல் இதையெல்லாம் உருக்கினால் செலவு மிச்சமாகுமே?
- வாசகர், தொண்டி

ஒரே பாட்டிலின் துண்டில் ஒரு மணி முழுவதையும் செய்தால் சரி. கொஞ்சம் முரடாக உருகும், பொறுமை வேண்டும். பச்சைப் பாட்டில் மணிமேல் வளையல் கண்ணாடியில் புள்ளி வைத்தால்தான் வம்பு. சூட்டில் விரியும் அளவு கண்ணாடிக்குக் கண்ணாடி மாறும், கடையில் வாங்கும் கண்ணாடிக் குச்சிகளுக்கு 104, 90, 33 என்று போடும் எண் இதைத்தான் சொல்கிறது. ஒத்துப்போகாத இரண்டைச் சேர்த்தால் எந்தச் சூளையும் காப்பாற்றாது. புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரே ரகக் குச்சி மட்டும் கொடுங்கள், கரைக் கண்ணாடியை அவர்கள் கண்ணில் காட்டாதீர்கள்.

அழகன்குளம் அகழாய்வில் கண்ணாடி மணிகள் கிடைத்தன என்கிறார்களே, அவையும் இப்படிக் கம்பியில் சுற்றியவையா? வகுப்பில் கேட்கிறார்கள்.
- ஆசிரியை, தேவிபட்டினம்

நல்ல கேள்வி கேட்கிற பிள்ளைகள்! அந்தக் காலத்து மணிகளில், புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் பேர்பெற்ற சின்னச் சின்ன மணிகள் வேறு முறை. உருகிய கண்ணாடியை நீளக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடுகாட்டி ஓரத்தை மழுக்குவார்கள். ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக் காலம் வரை அப்படித்தான் செய்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரியும்: உள்ளே இருக்கும் குமிழியும் கோடும் துளையோடு நீளமாக ஓடினால் இழுத்த மணி, துளையைச் சுற்றி வளைந்தால் சுற்றிய மணி. மேட்டில் பொறுக்கிய மணி யார் கையிலாவது இருந்தால் மாலையில் கோர்த்துவிடாமல் தொல்லியல் துறையிடம் கொடுக்கச் சொல்லுங்கள், ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனை அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது.

எட்டு வயது மகனையும் கூட உட்காரவைக்கலாமா?
- வாசகி, ஏர்வாடி

தீக்கு முன்னால் வேண்டாம். ஆறிய மணியைக் கழுவ, நிறம் பிரிக்க, கோர்க்கச் சொல்லுங்கள், தாராளமாகச் செய்வான்.