ஸ்டீமா, இட்சா? முதல் கேமை எங்கே விற்பது?

கேள்வி: நானும் நண்பனும் வேலைக்குப் போய்க்கொண்டே இரண்டு வருடமாக ஒரு புதிர் கேம் செய்திருக்கிறோம். முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். ஸ்டீமில் 100 டாலர் கட்ட வேண்டும், இட்ச் இலவசம், எபிக்கில் கமிஷன் குறைவு என்கிறார்கள். எதில் போடலாம்? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: மூன்றுமே கணினி கேம்களை இணையத்தில் விற்கும் கடைகள். முதலில் இட்ச், அப்புறம் ஸ்டீம். எபிக்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

கமிஷனை மட்டும் பார்த்தால் இந்த வரிசை தலைகீழாகத் தெரியும். ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. எபிக் 12 சதவீதம்தான். அதுவும் 2025 ஜூனிலிருந்து ஒவ்வொரு கேமுக்கும் வருடத்தில் முதல் 10 லட்சம் டாலர் வரை ஒன்றும் எடுப்பதில்லை. இட்ச் டாட் ஐஓவில் கடைக்காரருக்கு எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்யலாம், பூஜ்யம் என்றுகூட. ஆனால் ஆள் வராத கடையில் கமிஷன் இல்லை என்பதால் என்ன லாபம்? எபிக்கிலும் கேமுக்கு 100 டாலர் கட்டணம் உண்டு. எபிக் வாரா வாரம் இலவசமாகக் கொடுக்கும் கேம்களை வாங்கிப் பழகிய கூட்டம் பெயர் தெரியாத புதிர் கேமைக் காசு கொடுத்து வாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இட்சை விற்கும் இடமாக நினைக்காமல், சோதித்துப் பார்க்கும் இடமாக நினையுங்கள். பிரவுசரிலேயே ஓடும்படி முதல் சில புதிர்களை ஏற்றிவிட்டு, எந்தப் புதிரில் ஆட்கள் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கவனியுங்கள். வாம்பயர் சர்வைவர்ஸ் 2021இல் இட்சில் ஓசியில் ஆடும் கேமாகத்தான் தொடங்கியது. அந்த வருட டிசம்பரில் ஸ்டீமுக்குப் போனது, 2023இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த கேம் விருதை வாங்கியது. எல்லோருக்கும் அப்படி அமையாது, ஆனால் பாதை அதுதான்.

ஸ்டீமில் உங்களுக்கு முக்கியம் விஷ்லிஸ்ட், அதாவது பிறகு வாங்கலாம் என்று ஆட்கள் குறித்துவைக்கும் பட்டியல். ஸ்டீமில் உங்கள் கேமுக்கான பக்கத்தைப் பார்த்து ஒருவர் விஷ்லிஸ்டில் சேர்த்தால், கேம் வெளியாகும்போது ஸ்டீமே அவருக்கு மெயில் அனுப்பும். பிறகு 20 சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி கொடுத்தாலும் அனுப்பும். கையில் காசில்லாத இரண்டு பேருக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. ஆகவே கேம் முடியும்வரை காத்திராமல் பக்கத்தை இப்போதே திறந்துவிடுங்கள். பணம் கட்டி 30 நாள் ஆகாமல் வெளியிட முடியாது. 'விரைவில்' என்று பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது நிற்க வேண்டும். அது ஸ்டீம் வைத்த விதி. என் கணக்கில் ஆறு மாதம் நின்றால்தான் கொஞ்சமாவது ஆள் சேரும்.

பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என வருடத்துக்கு மூன்று முறை ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் நடக்கிறது. வெளிவராத கேம்களின் டெமோக்களுக்கான திருவிழா அது. ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ளலாம். அவசரப்பட்டு அரைகுறை டெமோவோடு போய் அந்த வாய்ப்பைத் தீர்த்துவிடாதீர்கள். வெளியீட்டுக்கு முந்தைய ஃபெஸ்டுக்காக வைத்திருங்கள்.

உங்கள் ஒன்றரை மணி நேரம்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதாவது உங்கள் கேமை முழுதாக முடித்துவிட்டுக்கூட ரீஃபண்ட் கேட்கலாம். நன்றாக இருக்கிறது என்று ரிவ்யூ எழுதிவிட்டே கேட்பவர்களும் உண்டு! இதற்காக கேமில் ஆளைச் சும்மா நடக்கவிட்டு நேரத்தை இழுக்காதீர்கள், ஆடுபவருக்கு உடனே தெரிந்துவிடும். விலையைக் குறைவாக வையுங்கள். முடித்தவர் திரும்ப வரும்படி கடினமான புதிர்த் தொகுதி ஒன்றைச் சேருங்கள்.

100 டாலர் போனால் வராது என்றில்லை. அந்த கேமின் வருமானம் 1000 டாலரைத் தொட்டால் திரும்பக் கிடைக்கும். 5 டாலருக்கு ஒன்று விற்றால் ஸ்டீம் போக மூன்றரை நிற்கும். அமெரிக்காவில் விற்றதாக இருந்தால் வரியும் பிடிப்பார்கள். இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தப்படி 15 சதவீதம். வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து ஒப்பந்தச் சலுகையைக் கோராவிட்டால் 30. ஐரோப்பிய விற்பனை என்றால் உள்ளூர் வாட் வரி முதலிலேயே கழிந்துவிடும். நிலுவை 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு அனுப்புவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பதியாமல் போனால் கணக்கு உங்கள் இருவரில் ஒருவர் பெயரில்தான் இருக்கும். பணம் முழுவதும் அவர் கணக்கில் விழும், வருமான வரியும் அவர் தலையில். யாருக்கு எத்தனை பங்கு, ஒருவர் விலகினால் கேம் யாருடையது என்று இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஆடிட்டர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் இனிஷியல். ஸ்டீமில் கொடுக்கும் சட்டப்படியான பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊரில் பாஸ்புக்கில் ஓர் எழுத்து இனிஷியலும், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாகவும் இருப்பது சகஜம். 100 டாலர் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் லீவு போட்டு வங்கிக்குப் போய் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.