காலை உணவுக்குப் பின் வரும் நடுக்கம்

வணக்கம். காலை 8 மணிக்குப் பழச்சாறும் ரொட்டியும் சாப்பிட்டால் 10:30 மணியளவில் கை நடுங்கி வியர்ப்பதாகவும், இரத்தச் சர்க்கரை மீட்டர் 58 mg/dL என்று குறைவாகக் காட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விரைவில் செரிக்கும் மாவுச்சத்து சர்க்கரையைச் சட்டென உயர்த்த, அதை இறக்கச் சுரக்கும் இன்சுலின் தேவைக்கு மிஞ்சிவிடுவதால், உண்ட 2 முதல் 4 மணி நேரத்துக்குள் இந்தச் சரிவு நேர்கிறது. சாற்றை விட்டுவிட்டு, முட்டையையோ கொட்டை வகைகளையோ முதலில் உண்டு, ரொட்டியைப் பாதியாக்கிக் கடைசியில் சாப்பிட்டுப் பாருங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை போட்ட காபியும் வேண்டாம் (பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை). நடுக்கம் வந்துவிட்டால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, 70-ஐத் தாண்டியதும் புரதமுள்ள சிற்றுண்டி ஏதேனும் உண்ணுங்கள். இனிப்போடு நிறுத்தினால் மறுபடியும் சரியக்கூடும். எழுந்தவுடன், எதுவும் உண்ணாத நிலையிலேயே 55-க்குக் கீழ் இருந்தாலோ, முன்பு இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்திருந்தாலோ, உணவை மாற்றிக்கொண்டு காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.