விளக்கைக் குறைக்காமல் சிலிண்டர் வாங்காதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டடி மீன்தொட்டி, ஏறக்குறைய 50 லிட்டர். போர் தண்ணீர்தான். அனுபியாஸ், ஜாவா பெரணி, வாலிஸ்னேரியா நட்டு, செடிக்கென்றே விற்கும் எல்இடி விளக்கு மாட்டினோம். காலையிலிருந்து இரவு வரை எரிகிறது. இலை விளிம்பெல்லாம் கறுப்புத் தாடி போலப் பாசி. கடைக்காரர் ‘லிக்விட் கார்பன்’ கொடுத்தார். அதை ஊற்றிய பிறகு வாலிஸ்னேரியா கரைகிறது. இப்போது கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? – சென்னை வாசகி

பதில்: வேண்டாம். உங்கள் தொட்டியில் வாயு குறைவு என்பதைவிட வெளிச்சம் அதிகம் என்பதே சரி.

வாயு செலுத்தாத தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு இரண்டு, மூன்று மில்லிகிராம் இருந்தாலே அதிகம். செடி அந்த அளவுக்குத்தான் வளர முடியும். அதற்கு மேல் விழும் வெளிச்சம் செடிக்குப் பயன்படாது. பாசிதான் அதைத் தின்று கொழுக்கும். பந்திக்கு முந்துவதில் பாசியை யாரும் ஜெயிக்க முடியாது. ஆகவே டைமர் ஒன்று வாங்கி, விளக்கை ஒரே தொடர்ச்சியாக ஆறு மணி நேரம் மட்டும் எரிய விடுங்கள். ஒளியைக் குறைக்கும் வசதி இருந்தால் பாதியாக்குங்கள். இல்லையென்றால் விளக்கை அரையடி உயர்த்திக் கட்டுங்கள். ஜன்னல் வெயில் தொட்டியில் விழக்கூடாது. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

அந்த ‘லிக்விட் கார்பன்’ பாட்டிலுக்கு வருவோம். இந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை குளுட்டரால்டிஹைடு கலந்தவை. மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ரசாயனம் அது. பாசியைக் கொல்லும், உண்மைதான். ஆனால் வாயுவுக்கு மாற்று அல்ல. வாலிஸ்னேரியாவுக்கு அது ஆகவே ஆகாது. கையில் பட்டால் தோல் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. பல பாட்டில்களில் உள்ளே என்ன இருக்கிறது என்றுகூட அச்சிடுவதில்லை. மீன் படம் போட்டு ஒட்டிவிட்டால் கேட்க ஆளில்லை! நிறுத்திவிட்டு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வாலிஸ்னேரியா விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. கரைந்த வாயு போதாதபோது, தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் என்ற உப்பிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் திறமை அதற்கு உண்டு, ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடிக்கும் உண்டு. சென்னைப் போர் தண்ணீரின் கடினத்தன்மையை எல்லோரும் திட்டுகிறோம். அதோடு சேர்ந்து வரும் பைகார்பனேட்தான் இந்தச் செடிக்குச் சாப்பாடு. ‘செடிக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் நல்லது’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாற்றினால் இந்த வசதி போய்விடும். எல்லாச் செடிக்கும் இது கைவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுபியாஸும் ஜாவா பெரணியும் மெதுவாக வளர்பவை, அவற்றின் தேவையே குறைவு. ஆக, உங்கள் மூன்று செடிகளில் ஒன்றுக்கும் சிலிண்டர் தேவையில்லை.

பிற்காலத்தில் தரையெல்லாம் புல்விரிப்பு போல வளர்க்க ஆசை வந்தால் அப்போது வாங்குங்கள். இலக்கு லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம். விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்து, இரவில் கட்டாயம் மூடிவிட வேண்டும். தொட்டிக்குள் மாட்டும், வாயு அளவை நிறத்தில் காட்டும் கண்ணாடிக் குமிழ் நீலமாக இருந்தால் வாயு குறைவு, பச்சை சரி, மஞ்சள் அதிகம். நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரமாகும். அதற்குள் அவசரப்பட்டு வால்வைத் திருகி மீன்களைக் கொன்றவர்கள் ஏராளம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே வாயுவை நிறுத்தி, காற்றுக் குமிழியை ஓட விடுங்கள்.

பழைய தீயணைப்பான் உருளைக்குப் பெயின்ட் அடித்துப் புதிது என்று விற்கும் இடைத்தரகர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். உலோகத்தில் பொறித்த அழுத்தச் சோதனைத் தேதியைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். ‘ஃபுல்லாக நிரப்பித் தருகிறேன்’ என்பதும் சலுகை அல்ல. 31 டிகிரியைத் தாண்டினால் இந்த வாயு உருளைக்குள் திரவமாக நிற்காது, அழுத்தம் கிடுகிடுவென ஏறும். நம் ஊரில் 31 டிகிரியைத் தாண்டாத நாள் எத்தனை? அளவுக்கு மேல் நிரப்பிய உருளையை வெயில்படும் பால்கனியில் வைப்பது விபரீதம்.

இப்போதைக்குப் பாசி பிடித்த இலைகளை அடியோடு நறுக்கிவிடுங்கள், அவை தேறாது. ஒரு மாதம் கழித்து, புதிதாக விட்ட இலைகளை மட்டும் பாருங்கள். அவற்றிலும் கறுப்பு ஏறினால் விளக்கை இன்னும் ஒரு மணி நேரம் குறையுங்கள்.