திண்டுக்கல் யார் கோட்டை?

கேள்வி: திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதி இரட்டை இலை பிறந்த மண். அதிமுகவின் கோட்டை. ஆனால் கடந்த இரண்டு தேர்தல்களாக அங்கே நடப்பதைப் பார்த்தால் மனசு ஆறவில்லை. கோட்டையை மீட்க வழி உண்டா? (நத்தத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கோட்டையே இல்லாத ஊரையெல்லாம் 'எங்கள் கோட்டை' என்று மேடையில் முழங்குகிறார்கள். உங்கள் ஊரில் அசல் கோட்டையே மலைமேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் ஜாதகத்தைக் கொஞ்சம் பாருங்கள். மதுரை நாயக்கர்கள் கட்டியது. 1755-ல் மைசூரின் பவுஜ்தாராக (படை அதிகாரியாக) ஹைதர் அலி வந்து இறங்கினார். 1783-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அடுத்த வருஷமே மங்களூர் உடன்படிக்கை. கோட்டை திப்புவிடம் திரும்பிப் போனது. 1790-ல் மறுபடி ஆங்கிலேயர். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பட்டாவே அவர்கள் பெயருக்கு மாறிவிட்டது. ஆகவே 'திண்டுக்கல் எங்கள் கோட்டை' என்று யாராவது சொன்னால் நான் மறுப்பதில்லை. அடுத்து யார் கைக்குப் போகிறது என்று மட்டும் கேட்பேன்.

அதே மலை உச்சியில் ஒரு கோயில் உண்டு. கருவறையில் சாமி கிடையாது. படியேறிப் போகிறவர்கள் வெறும் கருவறையைப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். 2019-ல் வாக்குச்சாவடிக்குப் போன அதிமுக தொண்டருக்கும் அதே தரிசனம்தான். இலை பிறந்த தொகுதியைக் கூட்டணியில் பாமகவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். இயந்திரத்தில் இலை இல்லை, மாம்பழம் இருந்தது. திமுகவின் வேலுச்சாமி 5,38,972 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். தமிழ்நாட்டிலேயே அந்த முறை அதுதான் பெரிய வித்தியாசம்.

வேடிக்கை என்னவென்றால், இதே தொகுதிக்குள் இருக்கும் நிலக்கோட்டையில் அன்றே சட்டமன்ற இடைத்தேர்தலும் நடந்தது. ஒரே சாவடி, ஒரே விரல் மை, இரண்டு இயந்திரம். ஒன்றில் இலை இருந்தது, ஜெயித்தது. பக்கத்து இயந்திரத்தில் மாம்பழம் இருந்தது, தோற்றது. இதைப் பார்த்து உங்கள் கட்சிக்காரர்கள் அழுதார்களா சிரித்தார்களா என்று எனக்குத் தெரியாது. 2024-ல் பாடம் கற்றவர்களைப் போல இலையைக் கொண்டுவந்தார்கள், ஆனால் எஸ்டிபிஐ வேட்பாளர் கையில் கொடுத்து. மார்க்சிஸ்ட் கட்சியின் சச்சிதானந்தம் 4 லட்சத்து 43 ஆயிரத்துக்கும் மேல் முந்தினார். சாமி இல்லாமலும் தோற்றாயிற்று, சாமியை வைத்தும் தோற்றாயிற்று.

'பிறந்த மண்' என்கிறீர்களே, அந்தப் பிரசவத்தைப் பற்றி ஒரு பழைய வழக்கு பாக்கி இருக்கிறது. வேறொரு வாரப் பத்திரிகையில் அரசியல் எழுதிக்கொண்டிருந்த ஒரு நண்பர், 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலை சினிமாதான் ஜெயித்துக் கொடுத்தது என்று சாகும்வரை சாதிக்கத் தயாராக இருக்கிறார். 'உலகம் சுற்றும் வாலிபன்' மே 11-ல் வந்தது, வாக்குப்பதிவு மே 20-ல். அவருக்கு இந்த ஒன்பது நாள் போதும், வேறு சாட்சி வேண்டாம். ஓட்டுக் கணக்கைப் பார்க்கச் சொன்னால் மட்டும் காது கேட்காது. எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ஏழு மாதம். பெயரில் 'அனைத்திந்திய' கூட இன்னும் சேரவில்லை. வேட்பாளர் மாயத்தேவர், உசிலம்பட்டிப் பக்கத்து வக்கீல். கட்சிக்கென்று சொந்தச் சின்னம் இல்லாததால் சுயேச்சைச் சின்னங்களின் பட்டியலிலிருந்து எடுத்ததுதான் இரட்டை இலை. அவருக்கு 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் விழுந்தது. இரண்டாவது வந்தது ஆளுங்கட்சி இல்லை ஐயா! காமராஜரின் பழைய காங்கிரஸ், வேட்பாளர் என்.எஸ்.வி. சித்தன், சுமார் 1 லட்சத்து 19 ஆயிரம். சென்னைக் கோட்டையில் முதலமைச்சராக கருணாநிதி உட்கார்ந்திருக்க, திமுக 93 ஆயிரத்துச் சொச்சத்தோடு மூன்றாவது. இந்திரா காங்கிரசுக்கு டெபாசிட்டே போயிற்று. முதல் இரண்டு இடத்தையும் சேர்த்துப் பாருங்கள்: ஆளுங்கட்சி மேல் கோபம் இல்லாமல் இது நடக்குமா? சினிமா கூட்டம் சேர்த்திருக்கும். காமராஜர் கட்சிக்கு 1 லட்சத்து 19 ஆயிரம் பேர் எந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போட்டார்கள்? நண்பர் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

இனி, நீங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டிய பகுதி. இரட்டை இலையில் முதன்முதலாக ஜெயித்த அதே மாயத்தேவர், 1977-லும் இலையில் ஜெயித்த அதே மாயத்தேவர், 1980-ல் அதே திண்டுக்கல்லில் உதயசூரியனில் நின்றார். ஜெயித்தார். இலையைப் பெற்றெடுத்த கையே சூரியனைத் தூக்கிக் காட்டியது. ஜனங்களும் 'அதனாலென்ன' என்று குத்திவிட்டுப் போனார்கள். சித்தனோ இன்னும் பொறுமைசாலி. 1973-ல் தோற்றவர் 1996-ல் தமிழ் மாநில காங்கிரசின் (தமாகா) சைக்கிளில் டெல்லி போய்ச் சேர்ந்தார். 2004, 2009 இரண்டு முறையும் கை சின்னத்தில் போனார். இருபத்து மூன்று வருஷம் காத்திருந்தவரை இந்தக் கோட்டைக் கதையில் யாரும் சேர்ப்பதில்லை, பாவம்.

திண்டுக்கல்லுக்கு என்று தனி விசுவாசம் எதுவும் கிடையாது. மாநிலத்தில் எந்தப் பக்கம் அலையோ அந்தப் பக்கம் நிற்கும். 1967, 71 திமுக, 80-ல் திமுக, இந்திரா கூட்டணி 37 இடம் அள்ளியபோது அதுவும் அள்ளப்பட்டது, 84, 89, 91 அதிமுக, 96-ல் தமாகா, 2014-ல் மறுபடி அதிமுக. அலையை எதிர்த்து நின்றது என்று சொல்ல 1999 ஒன்றுதான் தேறும். திமுக, பாஜக கூட்டணி மாநிலத்தில் 26 இடம் பிடித்த அந்தத் தேர்தலில் திண்டுக்கல் சீனிவாசன் இலையைக் காப்பாற்றினார். நீங்கள் மார்தட்டிக்கொள்ள அந்த ஒரு வருஷத்தை வைத்துக்கொள்ளுங்கள். 1973-ஐ நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது அலைக்குப் பின்னால் போன தேர்தல் இல்லை, அலையைக் கிளப்பிவிட்ட தேர்தல்.

தொகுதியும் அதே தொகுதி இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். 2008 மறுவரையறையில் பழனி என்றிருந்த நாடாளுமன்றத் தொகுதியே காணாமல் போய், பழனியும் ஒட்டன்சத்திரமும் உங்கள் கணக்கில் வந்து விழுந்தன. எம்.ஜி.ஆர். ஓட்டுக் கேட்ட எல்லை ஒன்று, நீங்கள் மீட்கச் சொல்லும் எல்லை வேறொன்று.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பக்கம் என்னுடையது. 1952-ல் திண்டுக்கல் அனுப்பிய முதல் எம்.பி. ஒரு பெண்மணி: அம்மு சுவாமிநாதன், அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர், கேப்டன் லட்சுமியின் தாயார். 1962-ல் காந்திகிராமத்தின் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன். நேருவின் அமைச்சரவையில் கல்வித் துறை துணை அமைச்சர். முதல் மூன்று தேர்தலில் இரண்டு பெண்கள்! அதன் பிறகு சூரியன், இலை, சைக்கிள், கை, அரிவாள் சுத்தியல் எல்லாம் ஜெயித்துவிட்டன. ஒரு பெண் ஜெயிக்கவில்லை. இதற்கு மனசு ஆறாமல் யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை.

மீட்க வழி உண்டா என்றுதானே கேட்டீர்கள்? முதலில் அடுத்த கூட்டணிப் பேச்சில் தொகுதியைக் கட்சி தன் கையில் வைத்துக்கொள்கிறதா என்று விசாரியுங்கள். வைத்துக்கொண்டால் மறுபடி எழுதுங்கள்.