அண்ணன் கொடுத்த கிரீடம்: ஹாலந்து ராஜ்யம் பற்றிக் கேள்வி பதில்

1806 முதல் 1810 வரை, இன்றைய நெதர்லாந்தில் நான்கே வருஷம் இருந்த ஹாலந்து ராஜ்யம் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

சார், டச்சுக்காரர்கள் குடியரசாக இருந்தவர்கள்தானே? ராஜா எங்கிருந்து வந்தார்?

பாரிசிலிருந்து. 1795-ல் பிரெஞ்சுப் படை உள்ளே வந்ததுமே பழைய குடியரசின் கதை முடிந்துவிட்டது. பட்டாவியக் குடியரசு என்று புதுப் பெயர், ஆனால் பிரான்ஸ் சொல்வதற்குத் தலையாட்டும் அரசு. அதுவும் போதவில்லை பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனுக்கு. தன் தம்பி லூயி போனபார்ட்டை ராஜாவாகத் தரும்படி டச்சுக்காரர்களே பாரிசுக்கு வந்து கேட்பது போல ஏற்பாடு செய்தார். 1806 ஜூன் 5-ல் ராஜா என்று அறிவிப்பு. தம்பிக்கு அப்போது 27 வயது.

'நான் உங்கள் முயல்' என்று பேசினாராமே, நிஜமா?

டச்சில் ராஜா 'கோனிங்', முயல் 'கொனெய்ன்'. புது ராஜா உச்சரிப்பில் வழுக்கி, தன்னையே முயலாக்கிக்கொண்டார் என்பது கதை. நடந்ததோ இல்லையோ, ஊர் சிரித்தது. எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு: அவர் டச்சு கற்க உட்கார்ந்தார், பெயரை லோடெவெய்க் என்று மாற்றிக்கொண்டார். அண்ணன் அனுப்பியது வசூல் பார்க்க ஓர் ஆளை. தம்பியோ நிஜமாகவே ராஜாவாகிவிட்டார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

மக்களுக்கு அவரைப் பிடித்திருந்ததா?

லைடன் நகரச் சம்பவத்துக்குப் பிறகு, பிடித்தது. 1807 ஜனவரி 12, மாலை நாலு மணிக்கு மேல். ஊர் நடுவே கால்வாயில் கட்டியிருந்த படகில் முந்நூறுக்கும் மேற்பட்ட பீப்பாய் வெடிமருந்து. அது ஊருக்குள் நிற்கவே கூடாது, நின்றது, வெடித்தது. சுமார் 150 பேர் இறந்தார்கள், இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் தரைமட்டம். பள்ளிப் பிள்ளைகளும் தப்பவில்லை. ஹேக் நகரிலிருந்த லூயி அன்றிரவே வந்து இடிபாடுகளுக்கு நடுவே நின்று மீட்பு வேலையைக் கவனித்தார். சொந்தப் பணமும் கொடுத்தார். இன்று அந்த இடத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. 1809 வெள்ளத்திலும் இதே போல நேரில் போய் நின்றார். 'நல்லவர் லோடெவெய்க்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

அப்புறம் அண்ணன் தம்பிக்குள் ஏன் முட்டிக்கொண்டது?

மூன்று விஷயம்: சரக்கு, சிப்பாய், கடன். 1806 நவம்பரில் நெப்போலியன் ஆங்கிலேயச் சரக்குக்குத் தடை போட்டார். கடல் வியாபாரத்தால் பிழைக்கும் நாட்டில் அது வயிற்றிலடிப்பது. கடத்தல் கொடிகட்டிப் பறந்தது. லூயி பாதிக் கண்ணை மூடிக்கொண்டார். கட்டாய ராணுவச் சேர்ப்புக்கு அவர் ஒப்பவில்லை. அரசுக் கடனுக்கு வட்டியைக் குறைக்கவும் மறுத்தார். (அவர் போனதும் 1810-ல் பாரிஸ் அதை மூன்றில் ஒரு பங்காக வெட்டியது!)

1809-ல் ஆங்கிலேயர் சுமார் 40,000 படைவீரர்களோடு டச்சுக் கரையோர வால்கரன் தீவில் இறங்கினார்கள். அவர்களைத் தோற்கடித்தது பீரங்கி அல்ல, சதுப்புக் காய்ச்சல். சுமார் 4,000 பேரைக் கொண்டுபோனது. ஆனாலும் 'தம்பியால் கரையைக் காக்க முடியாது' என்று சொல்ல அண்ணனுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஐயா, நான் யாழ்ப்பாணம். எங்கள் கோட்டை இந்த ராஜாவின் கீழ் இருந்ததா?

இல்லை. டச்சுக்காரர் கையிலிருந்த யாழ்ப்பாணம் 1795-லேயே, கொழும்பு 1796-ல் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டன. 1802 அமியான் உடன்படிக்கை அதை உறுதியாக்கியது. பழவேற்காடும் 1795-ல் போனது. நாகப்பட்டினம் அதற்கும் முன்பே, 1781-ல். லூயிக்கு மிஞ்சிய பெரிய சொத்து ஜாவா. அங்கே அவர் அனுப்பிய கவர்னர் ஜெனரல் டேண்டெல்ஸ், ஆன்யெர் முதல் பனாருக்கான் வரை சுமார் 1,000 கிலோமீட்டர் சாலை போட்டார். அதில் வேலை வாங்கப்பட்டு மாண்ட ஜாவா மக்களை மறந்துவிட்டு அந்தச் சாலையைப் புகழ முடியாது.

இன்று ஆம்ஸ்டர்டாம் போனால் பார்க்க ஏதாவது உண்டா?

டாம் சதுக்க அரண்மனை. அது 17-ம் நூற்றாண்டு நகர மன்றம். 1808-ல் லூயி அரண்மனையாக்கினார். எதிரே இருந்த பழைய எடை மண்டபம் (சரக்கு நிறுக்கும் கட்டடம்) பார்வையை மறைக்கிறது என்று இடித்துவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர் மேல் கோபம் உண்டு. அவர் கொண்டுவந்த நாற்காலி, மேசை, கடிகாரம் பலவும் இன்னும் உள்ளே இருக்கின்றன. அதே கட்டடத்தில் அவர் தொடங்கிய அருங்காட்சியகம்தான் இன்றைய தேசிய அருங்காட்சியகமான ரெய்க்ஸ்மியூசியத்தின் முன்னோடி. ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியம் அதிலும் இருந்தது.

கடைசியில் என்ன ஆனார்?

1810 ஜூலை 1-ல் ஹார்லெம் மாளிகையில் முடிதுறந்து, மகனுக்குப் பட்டம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, இரவோடிரவாக ஆஸ்திரியப் பக்கம் போனார். ஐந்து வயதுப் பையன் சில நாள் ராஜா. ஜூலை 9-ல் நெப்போலியன் நாட்டையே பிரான்சோடு சேர்த்துவிட்டார். 1846-ல் லூயி இத்தாலியின் லிவோர்னோவில் இறந்தார். இரண்டு வருஷம் கழித்து அவருடைய இன்னொரு மகன் பிரான்சின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்: பின்னாளில் மூன்றாம் நெப்போலியன்.