படம் வாங்க மலேசியா வருகிறேன்: முகவர் கேட்கும் பணத்தைக் கொடுக்கலாமா?

கேள்வி: திருச்சியில் கல்லூரி விரிவுரையாளராக இருக்கிறேன். என் தாத்தா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கடைசிவரை மலாய்த் திரை நடிகரும் பாடகருமான பி. ரம்லியின் பாட்டுகளை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அந்தப் படங்களின் டிவிடி, விசிடிகளை நேரில் வந்து வாங்கி, கோலாலம்பூரையும் பினாங்கையும் ஆறு நாளில் சுற்றிப் பார்க்க ஆசை. இங்கே ஒரு பயண முகவர் வருகை அட்டைக் கட்டணம், 'படம் வாங்கும் அனுமதி', கடைகளுக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டி என்று மூன்று கணக்கில் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? அங்கே வாங்கும் வட்டு இங்கே ஓடுமா? என்னிடம் இரண்டு பிரதி இருக்கும் தமிழ்ப் படங்களைக் கொண்டுவந்து அங்குள்ளவர்களிடம் மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: தம்பி, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வருகை அட்டை என்று அவர் சொல்வது மலேசியக் குடிநுழைவுத் துறையின் மின்னியல் அட்டை. 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுப் பயணிகள் அதை நிரப்ப வேண்டும். வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பினால் போதும். பாஸ்போர்ட் எண், விமான எண், தங்கும் இடத்தின் முகவரி, இவ்வளவுதான் கேட்கும். கட்டணம் கிடையாது. ஆனால் தேடுபொறியில் தேடினால் அரசுத் தளத்தைப் போலவே சின்னமும் நிறமும் போட்டுக்கொண்டு பணம் பறிக்கும் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். இணைய முகவரியில் மலேசிய அரசுக்குரிய 'ஜிஓவி புள்ளி எம்ஒய்' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே மூடிவிடுங்கள். இது இலவசம் என்று திருச்சி, சென்னை விமான நிலையங்களில் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வைத்திருந்தால் இந்தக் கொள்ளையில் பாதி நின்றிருக்கும். இலவசமாக ஒன்றைக் கொடுப்பார்கள், அது இலவசம் என்பதைச் சொல்ல மட்டும் ஆளிருக்காது. அந்த இடைவெளியில்தான் முகவர் கடை விரிக்கிறார்.

விசாவும் அப்படித்தான். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் சுற்றுலாவுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம். அந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. 'படம் வாங்கும் அனுமதி' என்று ஒன்று இந்த நாட்டிலேயே இல்லை. வீட்டில் பார்ப்பதற்காகக் கடையில் நாலைந்து படம் வாங்குகிறவரிடம் யாரும் அனுமதிச்சீட்டுக் கேட்பதில்லை. அந்தப் பெயரில் பணம் கேட்டவரிடம் விமான டிக்கெட்கூட எடுக்காதீர்கள்.

அடுத்தது, வட்டு ஓடுமா என்பது. டிவிடிக்கு ஒரு பூட்டு உண்டு. உலகத்தை வட்டாரங்களாகப் பிரித்து, ஒரு வட்டாரத்தில் விற்ற வட்டு இன்னொரு வட்டாரத்துக் கருவியில் ஓடாதபடி செய்து வைத்திருக்கிறார்கள். மலேசியா 3, இந்தியா 5. புளூ-ரேயில் மலேசியா ஏ, இந்தியா சி. காசு கொடுத்து வாங்கியவன் தன் வீட்டில் பார்க்க முடியாமல் செய்யும் இந்த ஏற்பாட்டை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இதனால் எத்தனை பேர் வட்டைத் திருப்பிக் கொண்டுவந்து என் கடையில் சண்டை போட்டிருக்கிறார்கள் தெரியுமா? புறப்படுவதற்கு முன் உங்கள் வீட்டுக் கருவி எல்லா வட்டாரத்தையும் ஏற்குமா என்று பாருங்கள். கணினியில் பார்ப்பதானால், கருவி வட்டாரத்தை மாற்றச் சொல்லும்போது அவசரப்பட்டுச் 'சரி' என்று அழுத்தாதீர்கள். ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவதில் எது நின்றதோ அதுதான் நிலைக்கும். விசிடிக்கு இந்தப் பூட்டே கிடையாது, எங்கும் ஓடும். ஆனால் படம் மங்கலாகத்தான் தெரியும். வசன எழுத்து (சப்டைட்டில்) படத்தின் மேலேயே பதிக்கப்பட்டிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மலாய் தெரியாத நீங்கள் அட்டையின் பின்புறம் 'சாரி காத்தா' என்ற சொல்லைத் தேடுங்கள். வசன எழுத்துக்கு மலாயில் அதுதான் பெயர். அதற்குப் பக்கத்தில் 'இங்கெரிஸ்' என்று இருந்தால் ஆங்கிலத்தில் உண்டு.

இனி நான் மிகவும் அஞ்சுகிற இடத்துக்கு வருகிறேன். கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் இருபது ஆண்டு வட்டு விற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், சுற்றுலாப் பயணியைக் குறிவைத்துப் பேச்சுக் கொடுக்கும் எவரிடமும் படம் வாங்காதீர்கள். கோலாலம்பூரின் பெட்டாலிங் ஸ்திரீட் சந்தையில் நடந்தால் ஒருவர் பக்கத்தில் வந்து, அட்டைப் படங்களை அடுக்கிய ஒரு ஆல்பத்தை விரிப்பார். விரலை வைத்துக் காட்டினால், 'பதினைந்து நிமிடம் நில்லுங்கள், கொண்டுவருகிறேன்' என்பார். எங்கோ மாடியறையில் அடுக்கி வைத்திருக்கும் கள்ளப் பிரதி கறுப்புப் பையில் வரும். மலாயில் இதற்குச் 'செத்தாக் ரொம்பாக்' என்று பெயர். அசலுக்கு 'அஸ்லி'. எல்லோரும் 'அஸ்லி' என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லை நம்பாமல் வட்டைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வெள்ளி நிறத்திலோ லேசான பொன்னிறத்திலோ இருக்க வேண்டும். ஊதாவோ பச்சையோ நீலமோ ஓடினால் அது வீட்டுக் கணினியில் எரித்த பிரதி. நடு வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்தால் மிகச் சிறிய எழுத்தில் ஆலையின் குறியெண் தெரியும். அந்த இடம் சுரண்டப்பட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். மலிவு என்று ஒரே படத்தை அண்ணனுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று மூன்றாக வாங்காதீர்கள். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒரே படைப்பின் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கள்ளப் பிரதிகள் கையில் இருந்தால் அது சொந்தப் பயனுக்கு அல்ல என்றே எடுத்துக்கொள்கிறது. அப்படியல்ல என்று நிரூபிக்க வேண்டிய சுமை உங்கள் தலையில் விழும்.

அசல் வட்டின் அட்டையில் பளபளக்கும் ஹோலோகிராம் ஒட்டு இருக்கும். அது இல்லாத படத்தை வாங்க வேண்டாம் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். ஆனால் உங்களுக்கு இதில் ஒரு விலக்கு இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள். அந்த ஒட்டு கட்டாயமானது 2003இல்தான். நீங்கள் தேடி வருகிற கறுப்பு வெள்ளைப் படங்களில் பலவும் அதற்கு முன்பே, 1990களின் விசிடிக் காலத்திலேயே வெளிவந்துவிட்டன. அந்தக் காலத்து அசல் விசிடியில் ஒட்டைத் தேடினால் கிடைக்காது. அதற்காக அதைக் கள்ளப் பிரதி என்று தள்ளிவிடாதீர்கள். பழைய சரக்கு என்று விற்பவர் சொன்னால் இதையெல்லாம் பாருங்கள்: அட்டைத் தாள் ஓரம் பழுத்திருக்கும், ஆனால் அச்சு கூர்மையாக, எழுத்து சிதறாமல் இருக்கும். நகல் எடுத்த அட்டையில் நடிகர் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு படத்துக்கு இரண்டு வட்டு இருக்கும். இரண்டின் மேலும் ஒரே அச்சு, ஒரே வரிசை எண், அதே எண் அட்டையின் முதுகிலும் இருக்கும். வெளியிட்டவரின் பெயரும் முகவரியும் அச்சாகியிருக்கும். கள்ள அச்சுக்காரன் தன் முகவரியைப் போடமாட்டான். அடிப்பக்கம் வெள்ளி, நடு வளையத்தில் குறியெண். இத்தனையும் பொருந்தினால் ஒட்டு இல்லாவிட்டாலும் தயங்காமல் வாங்குங்கள். இதற்கு நேர்மாறாக, புத்தம் புதுத் தாளில் ஒட்டு மட்டும் மின்னுகிற 'பழைய' விசிடியைக் கண்டால் விலகுங்கள். போலி ஒட்டும் சந்தையில் ஓடியது. முறையான கடைக்காரன் ஒவ்வொரு ஒட்டுக்கும் காசு கட்டி வாங்கி ஒட்டிக்கொண்டிருந்தான், கள்ளன் சுருள் சுருளாக அடித்து ஒட்டினான். கடையை மூடும் நிலைக்கு வந்தவர்கள் எல்லாம் முதல் வகைக்காரர்கள். அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

மாற்றிக்கொள்ள வட்டு கொண்டுவரலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, இங்குள்ள தணிக்கை வாரியம் ஒப்புதல் தராத படத்தை வைத்திருப்பதே குற்றம். உங்கள் ஊரில் வாங்கிய 'யு' சான்றிதழ் இங்கே செல்லாது. பை நிறையப் படங்களோடு சுங்கச் சோதனையில் நின்றுகொண்டு, 'இது சேகரிப்பு, வியாபாரமல்ல' என்று விளக்க உங்களுக்கு நேரமும் இல்லை, மொழியும் இல்லை. பட்டியலை மட்டும் கொண்டு வாருங்கள்.

ஊர் சுற்ற வழிகாட்டி தேவையே இல்லை. அழைத்துப் போகிறவருக்குக் கடையில் பங்கு உண்டு, அது உங்கள் விலையில்தான் ஏறும். ஆறு நாளில் ஒரு சனி, ஞாயிறு கோலாலம்பூரில் விழும்படி டிக்கெட் எடுங்கள். கிளானா ஜெயா எல்ஆர்டி என்னும் நகர ரயில் தடம் ஒன்றே உங்களுக்குப் போதும். மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கினால் மஸ்ஜித் இந்தியா. வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதீர்கள், தொழுகை நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் 1920களில் எழுந்த கொலிசியம் திரையரங்கக் கட்டடம் இருக்கிறது. எங்கள் தலைமுறை தமிழ்ப் படம் பார்த்த வாசல் அது, ஒரு நிமிடமாவது நின்று பாருங்கள். கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் இந்தியர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ், சாப்பாட்டுக்குக் கவலையில்லை. அதே தடத்தில் தாமான் ஜெயாவில் இறங்கினால் எதிரே அம்கார்ப் மால். வார இறுதியில் அங்கே பழம்பொருள் சந்தை கூடும். இசைத்தட்டு, ஒலிநாடா, பழைய சுவரொட்டி, விசிடி எல்லாம் மேசை மேசையாகப் பரப்பியிருப்பார்கள். விற்பவர்களில் பலர் தாங்களே சேகரிப்பாளர்கள், ஆகவே அவர்களிடம் கேட்டு வாங்கலாம். ஒரு முழு நாளை இதற்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூரின் செத்தாபாக் பகுதியில் பி. ரம்லி கடைசியாக வாழ்ந்த வீடு 1986 முதல் நினைவகமாக இருக்கிறது. அங்கே போகாமல் திரும்பாதீர்கள். 1929இல் பினாங்கில் பிறந்தவர், 1973இல் கோலாலம்பூரில், ஐம்பதைத் தொடாமலே போய்விட்டார். அவரைக் கதாநாயகனாக்கிய 1950ஆம் ஆண்டுப் படம் 'பக்தி'. இயக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னை மாகாணத்தில் பிறந்த நம்மவர். உங்கள் பட்டியலில் முதல் இடத்தில் அதை எழுதுங்கள். மலாய்த் திரைப்படத்தின் தொடக்க காலத்தில் இயக்குநர் நாற்காலியில் இருந்தவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். தாத்தாவின் காதில் அந்தப் பாட்டுகள் அவ்வளவு பழக்கமாக ஒலித்ததில் வியப்பில்லை.

மலேசியத் தமிழ்ப் படங்களையும் மறக்காதீர்கள். அவற்றைக் கடையில் தேடுவதைவிட எடுத்தவர்களுக்கே எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் பதில் வரும். 2015இல் வந்த 'ஜகாட்' படத்தை மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் மொழியைக் காரணம் காட்டித் தனிப் பிரிவுக்கு ஒதுக்கினார்கள். பல திசையிலிருந்தும் எதிர்ப்பு எழுந்த பிறகே பொதுப் பிரிவு திறந்தது. அதில் சிறந்த மலேசியப் படமாக அதுவே வென்றது. இந்த மண்ணில் எடுத்த படம் இந்த மண்ணின் படம் என்று சொல்லவே அவ்வளவு போராட வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும், பட்டர்வொர்த் வந்துவிடும். அங்கே படகேறிக் கடலைக் கடந்தால் பினாங்கின் ஜோர்ஜ்டவுன். லெபோ பசார், லெபோ குயின் பகுதிதான் லிட்டில் இந்தியா, 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் அங்கேதான். பி. ரம்லி பிறந்த வீட்டை அவர் பெயர் தாங்கிய சாலையிலேயே காத்து வைத்திருக்கிறார்கள். சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகளைப் பாருங்கள். வட்டுக்கு லோரோங் கூலிட், விளையாட்டரங்கத்தை ஒட்டிய காலைச் சந்தை. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.

இங்கே ஈரம் அதிகம். பழைய வட்டை விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசி குத்தியதுபோல் ஒளி கசிந்தால் உள்ளே அரித்துவிட்டது என்று பொருள், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பூஞ்சை படிந்திருந்தால் மட்டும் பயமில்லை, துடைத்தால் போகும். விமான நிலையத்து ஊடுகதிர் வட்டை ஒன்றும் செய்யாது. எடைதான் சிக்கல். பெட்டியோடு ஒரு டிவிடி சுமார் 100 கிராம், மலிவு விமானத்தின் கைப்பை அளவு பெரும்பாலும் 7 கிலோ. பெட்டிகளை விட்டுவிட்டு வட்டுகளைத் துணி உறையிலும் அட்டைத் தாள்களை மடிக்காமல் ஒரு கோப்பிலும் வைத்துக் கைப்பையிலேயே கொண்டு போங்கள்.

இன்னும் ஒன்று. தாத்தா முணுமுணுத்த பாட்டில் ஒரு வரியாவது வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால், பொருள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, காதில் விழுந்தபடியே தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள். முடிந்தால் அம்மாவையோ அத்தையையோ பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். லோரோங் கூலிட்டில் வயதான வியாபாரி எவரிடமாவது அதைப் போட்டுக் காட்டுங்கள். எந்தப் படம் என்று அவர் சொல்லிவிடுவார்.